மடக்கறது அப்புறம்... முதல்ல நீட்டுங்க பாஸ்!

'டப்'புனு ஒரு சத்தம். யாரும் இடிக்கலை, யாரும் தள்ளலை. ஓடிக்கிட்டு இருந்தவர் சடார்னு திரும்பினார், அவ்வளவுதான். பாதம் தரையிலேயே நின்னுடுச்சு. உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. ராத்திரிக்குள்ள முட்டி பலூன் மாதிரி வீங்கிப் போச்சு. எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தா ரிப்போர்ட்ல மூணே எழுத்து... ஏ.சி.எல்!

கபடி, ஃபுட்பால், பாஸ்கெட்பால், ஹேண்ட்பால்னு எந்த டீமா இருந்தாலும் இப்படி ஒரு கதை கண்டிப்பா இருக்கும். உங்க காலேஜ்லயும் கேட்டுப் பாருங்க. ஆபரேஷன் எங்கே பண்ணலாம், எவ்வளவு செலவாகும்னு விசாரிக்கறவங்க நிறைய பேர். ஆனா ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு அந்த முட்டியை எப்போ, எவ்வளவு, எந்த வேகத்துல நீட்டி மடக்கறதுன்னு விசாரிக்கறவங்க ரொம்பக் கம்மி. நிஜத்துல பாதி வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியேதான் நடக்குது. அதைப் பண்றது டாக்டர் இல்லை, நீங்க!

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அவசரம் காட்ட வேண்டிய முதல் ரெண்டு வாரத்துல நம்ம ஆளுங்க ஹாயா படுத்துக்கிட்டு படம் பார்ப்பாங்க. பொறுமையா இருக்க வேண்டிய மூணாவது மாசத்துல ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு கிரவுண்டுக்குக் கிளம்பிடுவாங்க. இந்த ரெண்டையும் அப்படியே இடம் மாத்திப் போட்டா முட்டி பொழைச்சுக்கும். இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போறோம்.

எந்த ஜவ்வு சார்?

நம்ம ஊர்ல முட்டிக்குள்ள எது போனாலும் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு'தான். ஆனா உள்ளே ரெண்டு விதமான ஜவ்வு இருக்கு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப் பிடிச்சிருக்கற கயிறு மாதிரியானது லிகமென்ட். முக்கியமா நாலு உண்டு. அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல குஷன் மாதிரி உட்கார்ந்திருக்கறது மெனிஸ்கஸ்.

ஏ.சி.எல்ங்கறது முட்டியோட நட்ட நடுவுல குறுக்கா ஓடற லிகமென்ட். கீழ்க்கால் எலும்பு முன்னாடி நழுவாம பார்த்துக்கறதும், திரும்பும்போது முட்டி முறுக்கிக்காம பிடிச்சுக்கறதும் இதோட டூட்டி. நேரா நடக்கறதுக்கு இது இல்லாமலும் சமாளிக்கறவங்க உண்டு. ஆனா ரெய்டு போயி சட்டுனு திரும்பணும், டிஃபெண்டரை ஏமாத்தி வெட்டி ஓடணும்னா ரொம்பப் பேருக்கு முட்டி 'வழுக்கிட்டு' போகும்.

கிழிஞ்ச ஏ.சி.எல்லைப் பெரும்பாலும் தைக்கறது இல்லை. புதுசா ஒண்ணு போடறாங்க. தொடைக்குப் பின்பக்கம் இருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்தோ உங்க உடம்புத் தசைநாணையே கொஞ்சம் எடுத்து, ரெண்டு எலும்புலயும் சின்ன சுரங்கம் போட்டு, உள்ளே நுழைச்சு, பட்டனோ ஸ்க்ரூவோ வெச்சு இறுக்கிடறாங்க. இதுக்குப் பேர் கிராஃப்ட். எல்லாமே சின்னத் துளை வழியா, கேமராவுல பார்த்துக்கிட்டே!

வெளியே பார்த்தா ரெண்டு மூணு சின்னத் தழும்புதான். அதனாலதான் 'சின்ன ஆபரேஷன்'னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. உள்ளே நடந்திருக்கறது சின்ன வேலை இல்லை மக்களே.

மாவுக்கட்டு காலத்துல...

1980கள் வரைக்கும் இந்த ஆபரேஷன் முடிஞ்சதும், முட்டியைக் கொஞ்சம் மடக்கின மாதிரி வெச்சு வாரக்கணக்குல மாவுக்கட்டு போட்டுடறது வழக்கம். புது லிகமென்ட் அறுந்துடக் கூடாதேன்னு பயம். கட்டைப் பிரிச்சா முட்டி கட்டை மாதிரி இருக்கும். தொடை பாதியா இளைச்சிருக்கும். லிகமென்ட் பத்திரமா இருக்கும். ஆனா கால் நீளாது, மடங்காது!

அசையாம இருந்தா மூட்டு கெட்டுப் போகும்னு சொன்ன முக்கியமான ஆள், கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த ராபர்ட் சால்டர். 1970கள்ல முயல்களோட மூட்டுல ஆராய்ச்சி பண்ணி, மெதுவான, தொடர்ச்சியான அசைவு குருத்தெலும்பு ஆற உதவுதுன்னு காட்டினார். காலைத் தொட்டில்ல போட்டு மெதுவா மடக்கி நீட்டற சி.பி.எம் மெஷின் அப்படித்தான் வந்துச்சு. இன்னிக்கு ஏ.சி.எல் ஆபரேஷனுக்கு அந்த மெஷின் அவசியம் இல்லைங்கறாங்க. நீங்களே அசைச்சா போதும். ஆனா 'அசைவே மருந்து'ங்கற ஐடியா மட்டும் நின்னுடுச்சு.

அடுத்த கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்துல டொனால்ட் ஷெல்போர்ன்னு ஒரு சர்ஜன். தன்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைக் கவனிச்சுக்கிட்டே வந்தார். சொன்னபடி காலைப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டவங்களைவிட, பேச்சைக் கேட்காம சீக்கிரமே காலை ஊன்றி, நீட்டி மடக்கினவங்களுக்கு முட்டி நல்லா இருந்துச்சு. முக்கியமா, அவங்க லிகமென்ட் தளர்ந்தும் போகலை! அவர் தன்னோட முறையையே மாத்திக்கிட்டு, 1990ல அதைக் கட்டுரையா வெளியிட்டார். மாவுக்கட்டு யுகம் முடிவுக்கு வந்ததுல அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

உடனே, 'பார்த்தியா, டாக்டர் பேச்சைக் கேட்காதவன்தான் ஜெயிச்சான்'னு காலரைத் தூக்காதீங்க. அவங்க செஞ்சது சீக்கிரம் நீட்டினது, மடக்கினது, நடந்தது. சீக்கிரம் மேட்ச் ஆடினது இல்லை. இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையோட உயிர்நாடி.

ஜீரோவுல ஹீரோ!

ஜியோமெட்ரி பாக்ஸ் ஞாபகம் இருக்கா? அந்த ப்ரொட்ராக்டரைக் கொஞ்சம் மனசுல எடுத்து வெச்சுக்குங்க. முட்டிக் கணக்குல கால் நேரா நீண்டிருந்தா 0 டிகிரி. மடக்க மடக்க எண் ஏறும்.

'எவ்வளவு மடங்குது?'ன்னுதான் வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேட்பாங்க. 'முழுசா நீளுதா?'ன்னு ஒருத்தர்கூட கேட்க மாட்டாங்க. ஆனா பிசியோ முதல்ல பார்க்கறது அதைத்தான். முதல் ரெண்டு வாரத்துக்குள்ள 0 வந்துடணும்னுதான் பெரும்பாலான பிசியோக்கள் இலக்கு வைப்பாங்க. 

சிலருக்கு இயல்பாவே முட்டி 0வையும் தாண்டிக் கொஞ்சம் பின்னாடி வளையும். அவங்களுக்கு இலக்கு 0 இல்லை. அடிபடாத இன்னொரு கால் எவ்வளவு நீளுதோ அவ்வளவு. ஒவ்வொரு நாளும் ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது.

ஏன் இவ்வளவு பதற்றம்? முட்டி 5 டிகிரி மடங்கினபடியே நின்னுட்டா என்ன குடி முழுகிப் போச்சு? நின்னு பாருங்க, தெரியும். முழுசா நீண்ட முட்டி நிக்கும்போது பூட்டு போட்ட மாதிரி லாக் ஆகும், தொடைக்கு ரெஸ்ட். மடங்கின முட்டி லாக் ஆகாது. நிக்கற நேரமெல்லாம் தொடைத் தசை வேலை செஞ்சுக்கிட்டே இருக்கணும். சீக்கிரம் களைச்சுப் போகும், முட்டிச் சில்லுக்குப் பின்னாடி வலிக்கும், நடை நொண்டும். நொண்டி நடந்தா இடுப்பும் முதுகும் கடன் வாங்கி வட்டி கட்டும்.

இன்னொரு சிக்கல் முட்டிக்குள்ளேயே இருக்கு. நீட்டாம விட்ட முட்டியோட முன்பக்கத்துல தழும்புத் திசு வந்து உட்கார்ந்துக்கும். சிலருக்கு கிராஃப்ட்டுக்கு முன்னாடி சின்ன உருண்டை மாதிரி ஒரு கட்டி உருவாகி, கதவிடுக்குல கல் மாட்டின மாதிரி காலை முழுசா நீட்ட விடாது. இதுக்கு 'சைக்ளாப்ஸ்'னு பேர். கேமராவுல பார்த்தா ஒத்தைக் கண் மாதிரி தெரியும்; அதனால கிரேக்கக் கதையில வர்ற ஒத்தைக் கண் அரக்கனோட பேரையே வெச்சுட்டாங்க. இது பெரிசானா வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன்!

ஜீரோ டிகிரிங்கறது ஃபர்ஸ்ட் செமஸ்டர் அரியர் மாதிரி. அப்பவே எழுதி முடிச்சா ஈஸி. தள்ளிப் போட்டா ஃபைனல் இயர் வரைக்கும் துரத்தும்.

தலையணைதான் வில்லன்

ஆபரேஷன் ஆன காலுக்கு அம்மா பாசமா என்ன பண்ணுவாங்க? முட்டிக்கு அடியில ஒரு மெத்து மெத்து தலையணை! வலி குறைஞ்ச மாதிரி இருக்கும். ஏன்னா வீங்கின முட்டிக்குக் கொஞ்சம் மடங்கி இருக்கறதுதான் சுகம். ராத்திரி பூரா அப்படியே தூங்கினா, முட்டி அந்த வளைவையே தன் வீடுன்னு நினைச்சுக்கும். அந்தத் தலையணையை அங்கிருந்து எடுத்துக் குதிகாலுக்கு அடியில வைங்க. இடம் மாறினாப் போதும், வில்லன் ஹீரோ ஆயிடுவான். முட்டிக்கு அடியில இடைவெளி இருக்கணும்; அது தன் எடையிலேயே மெதுவா கீழே இறங்கும்.

முதல் வாரத்து வேலைகள் ரொம்ப சிம்பிள்:

குதிகாலுக்கு அடியில சுருட்டின துண்டை வெச்சு 10 நிமிஷம். ஒரு நாளைக்குப் பல தடவை. படிச்சுக்கிட்டே பண்ணலாம்.

தொடையை இறுக்கி, முட்டியைக் கட்டில்ல அழுத்தி 5 எண்ணி விடறது. தொடைத் தசையை 'முழிச்சுக்கோ'ன்னு எழுப்பற வேலை இது. முட்டியில வீக்கம் இருந்தா மூளையே தொடைத் தசையை அணைச்சு வெச்சுடும். உங்க சோம்பேறித்தனம் இல்லை. அது உடம்போட ரிஃப்ளெக்ஸ். அதனாலதான் தினமும் எழுப்பணும்.

காலை நேரா வெச்சு, முட்டி தொய்யாம மேலே தூக்கறது.

கணுக்காலை மேலேயும் கீழேயும் ஆட்டிக்கிட்டே இருக்கறது. ரத்த ஓட்டத்துக்காக.

கொஞ்ச நாள் கழிச்சு பிசியோ இன்னொண்ணு சொல்லித் தருவாங்க. கட்டில்ல குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் வெளியே தொங்க விடறது. இதுல ஒரு டெஸ்ட்டும் இருக்கு. ரெண்டு குதிகாலும் ஒரே உயரத்துல இருக்கான்னு பின்னாடி இருந்து பார்க்கச் சொல்லுங்க. ஒண்ணு 1 சென்டிமீட்டர் உசரமா இருந்தா, தோராயமா 1 டிகிரி பாக்கின்னு அர்த்தம். ஸ்கேல் எடுத்து அளக்க ரூம்மேட் போதும்!

மடக்கறது தவணை முறையில

நீட்டறது ரொக்கம். மடக்கறது இ.எம்.ஐ. ஒரேயடியா கட்டத் தேவையில்லை. ஆனா தவணை தப்பக் கூடாது.

பொதுவா போடற கணக்கு இது: ரெண்டாவது வாரத்துல 90 டிகிரி, அதாவது நாற்காலியில ஒழுங்கா உட்கார்ற அளவு. ஆறாவது வாரத்துல 120 பக்கம். மூணாவது மாச வாக்குல இன்னொரு காலுக்குக் கிட்டத்தட்ட சமம். இது ஒரு தோராயமான ரோடு மேப்தான். உங்க சர்ஜன் கொடுக்கற அட்டவணைதான் உங்க சட்டம். முக்கியமா, கிழிஞ்ச மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைச்சிருந்தா கணக்கே வேற. பல சர்ஜன்கள் முதல் 4 முதல் 6 வாரம் 90 டிகிரிக்கு மேல மடக்கவே விட மாட்டாங்க; ஊன்றுகோலும் கூடுதல் நாள் கூட வரும். அதனால பக்கத்து பெட்காரர் 110க்குப் போயிட்டார்னு நீங்க போட்டி போடாதீங்க. அவர் ஆபரேஷன் வேற, உங்க ஆபரேஷன் வேற.

இந்த எண்ணெல்லாம் வாழ்க்கைக்கு எதுக்கு? சாதாரணமா நடக்க 60, 65 டிகிரி போதும். படி ஏறி இறங்கவும், நாற்காலியில இருந்து எழவும் 90ல இருந்து 100 சொச்சம். சைக்கிள் மிதிக்க 110 பக்கம். நம்ம ஊர் டாய்லெட்ல குத்த வெச்சு உட்கார 130க்கு மேல. அமெரிக்கக்காரன் அட்டவணையில 'தினசரி வேலைக்கு 120 போதும்'னு முடிச்சுக்கலாம். பந்தியில சம்மணம் போட்டு உட்கார்ற நமக்கு அது பத்தாது. அதனால கடைசி 20 டிகிரியை விட்டுக் கொடுக்காதீங்க. ஆனா அது கடைசியில வர்ற 20. குத்த வெச்சு உட்கார்றதும் சம்மணமும் பல மாசம் கழிச்சு, சர்ஜன் 'சரி'ன்னு சொன்ன பிறகுதான்.

மடக்கற பயிற்சியும் சிம்பிள்தான். உட்கார்ந்தபடி குதிகாலைப் பின்னாடி மெதுவா இழுக்கறது. வழுக்கலுக்குப் பாதத்துக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவர். மல்லாக்கப் படுத்து சுவத்துல பாதத்தை வெச்சு, மெதுவா சறுக்க விடறதும் உண்டு. முட்டி எங்கே 'போதும்'னு சொல்லுதோ, அங்கே கொஞ்ச நேரம் நின்னு, ஒரே ஒரு இஞ்ச் கேட்டுப் பாருங்க. தந்தா வாங்கிக்குங்க. தரலைன்னா நாளைக்குக் கேளுங்க.

ஒரு மணி நேரம் ஒரேயடியா சித்திரவதை பண்றதைவிட, 10 நிமிஷம் வீதம் ஆறு தடவை பண்றது மேல். எக்ஸாமுக்கு முந்தின நாள் நைட் அவுட் அடிக்கற டெக்னிக் முட்டிகிட்ட பலிக்காது.

வீக்கம்தான் டிராஃபிக் சிக்னல்

எவ்வளவு செஞ்சா சரி, எவ்வளவு செஞ்சா ஓவர்? இதுக்கு மெஷின் எதுவும் வேணாம். மறுநாள் காலையில கண்ணைத் திறந்ததும் முட்டியைப் பாருங்க.

பச்சை: பயிற்சி பண்ணும்போது இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு, காலையில வீக்கம் ஏறலை. நேத்து பண்ணினதைப் பண்ணுங்க, ஒரு சிட்டிகை கூட்டுங்க.

மஞ்சள்: காலையில லேசா கனமா இருக்கு, வலியும் மிச்சம் இருக்கு. கூட்டாதீங்க. அதே அளவுலயோ ஒரு படி குறைச்சோ பண்ணுங்க.

சிவப்பு: முட்டிச் சில்லைச் சுத்தி இருக்கற பள்ளம் மறைஞ்சு உருண்டையா இருக்கு, தொட்டா சூடு, நேத்து மடங்கின அளவு இன்னிக்கு மடங்கலை. அப்படின்னா நேத்து ஓவர். நடையைக் குறைச்சு, காலை உசத்தி வெச்சு, துணியில சுத்தின ஐஸை 15, 20 நிமிஷம் வைங்க. பிசியோவுக்கு ஒரு போன் போடுங்க.

'நோ பெயின், நோ கெயின்'ங்கறது ஜிம் சுவத்துல ஒட்ட வேண்டிய வசனம். ஆபரேஷன் ஆன முட்டிக்கு ஒட்டாது. ரெண்டு பேர் காலைப் பிடிச்சுக்கிட்டு, கதறக் கதற ஒரேயடியா மடக்கினா என்ன ஆகும்? உள்ளே ரத்தம் கசியும், வீக்கம் ஏறும், தசை பயந்து இறுகும், அந்த இடத்துல இன்னும் தழும்பு படியும். மடக்கறதுக்குப் பண்ணின வேலையே முட்டியைப் பூட்டிடும். தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் 'எண்ணெய் போட்டு நீவி, ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிடும் தம்பி'ன்னு வந்தா, காபி கொடுத்து மரியாதையா அனுப்பி வைங்க.

முன்னேற்றம் நேர்கோட்டுல போகாதுங்கறதையும் மனசுல வைங்க. ஒரு வாரம் 95, அடுத்த வாரமும் 95, அப்புறம் திடீர்னு 108. காலையில இறுக்கம், சாயங்காலம் தளர்வு. அதனால தினமும் அளந்து தினமும் அழாதீங்க. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்துல, பயிற்சி முடிச்ச பிறகு அளந்து டைரியில எழுதுங்க. குதிகாலுக்கும் பின்பக்கத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளின்னு குறிச்சாலும் போதும். ஆனா ரெண்டு மூணு வாரமா அசையவே இல்லை, இல்லேன்னா நாலாவது வாரமாகியும் கால் முழுசா நீளலைன்னா, 'தானா சரியாகும்'னு உட்காராம சர்ஜனைப் பாருங்க. சீக்கிரம் கவனிச்ச இறுக்கத்தை இளக்கறது சுலபம்.

இன்னும் ஆபரேஷனே ஆகலையா? அப்போ உங்களுக்கு ஒரு போனஸ் தகவல். வீங்கி, இறுகிப் போன முட்டியில அவசர அவசரமா ஆபரேஷன் பண்ணினா, பின்னாடி இறுக்கம் வர்ற வாய்ப்பு கூடுது. மெனிஸ்கஸ் மாட்டிக்கிட்டு முட்டியே லாக் ஆகியிருக்கறது மாதிரியான கேஸ் தவிர, வீக்கம் வடிஞ்சு, கால் நல்லா நீண்டு மடங்கற வரைக்கும் பெரும்பாலான சர்ஜன்கள் காத்திருப்பாங்க. அந்த வாரங்கள் வேஸ்ட் இல்லை. அதுதான் நெட் பிராக்டீஸ்.

மூணாவது மாச மோகம்

இப்போ சீன் மாறுது. மூணு மாசம் ஆச்சு. கால் நீளுது, மடங்குது. வலி இல்லை, வீக்கம் இல்லை. மாடிப்படி ஏறினா யாருக்கும் வித்தியாசமே தெரியலை. அந்த நேரம் பார்த்து ஜோனல் மேட்ச். 'மச்சி, ஒரு பத்து நிமிஷம் இறங்கு'ன்னு கேப்டன். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை, செலக்‌ஷன் ட்ரையல்ஸ், ஃபைனல் இயர்... கை துறுதுறுங்கும்.

இங்கதான் முட்டி ஒரு ரகசியத்தை மறைச்சு வெச்சிருக்கு. போட்ட கிராஃப்ட் போட்ட அன்னிக்குப் பலமாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு ரத்த ஓட்டம் இல்லை. உடம்பு பழைய செல்களை அழிச்சு, புது ரத்தக் குழாய் விட்டு, தசைநாணா இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா லிகமென்ட்டா மாத்தும். வீட்டை இடிச்சுக் கட்டற மாதிரி. நடுவுல சுவர் பலவீனமா இருக்கற ஒரு கட்டம் வரும். அது சுமாரா ரெண்டாவது, மூணாவது மாசம். அதாவது, உங்களுக்கு 'நான் ஓகே'ன்னு தோணற அதே நேரத்துல, உள்ளே கிராஃப்ட் ரொம்ப வீக்கான நேரம்!

ஆக, முட்டிக்கு ரெண்டு கடிகாரம். அசைவுக் கடிகாரம் வாரக் கணக்குல ஓடும். அதுல லேட்டா வரக் கூடாது. கிராஃப்ட் கடிகாரம் மாசக் கணக்குல ஓடும். அதுல சீக்கிரம் வரக் கூடாது. முதல் கடிகாரம் மணி அடிச்சதும் ரெண்டாவதும் அடிச்சிடுச்சுன்னு நினைக்கறதுலதான் முட்டி மறுபடி போகுது.

2016ல வெளியான ஒரு ஆய்வுக் கணக்கு இதைப் பளிச்சுனு சொல்லுது. ஆபரேஷனுக்கு அப்புறம் 9 மாசம் வரைக்கும், களத்துக்குத் திரும்பறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போட்டபோதும் முட்டியில மறுபடி அடிபடற விகிதம் 51 சதவிகிதம் குறைஞ்சிருக்கு. அதே வருஷம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, 25 வயசுக்குக் கீழே இருந்து விளையாட்டுக்குத் திரும்பினவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு மறுபடி ஏ.சி.எல் போயிருக்கு. அதே கால், இல்லேன்னா இன்னொரு கால். 25 வயசுக்குக் கீழே யாரு? இதைப் படிக்கற நீங்கதான்!

பிரேசில் ரொனால்டோவைத் தெரியும்தானே? அவருக்குப் போனது ஏ.சி.எல் இல்லை, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கற தசைநாண். 1999 நவம்பர்ல அடிபட்டு ஆபரேஷன். சுமார் அஞ்சு மாசம் கழிச்சு, 2000 ஏப்ரல்ல இத்தாலியக் கோப்பை ஃபைனல்ல மாற்று ஆட்டக்காரரா இறங்கினார். சில நிமிஷம்தான். யாரும் தொடாமலேயே அதே முட்டி முழுசா போச்சு. அதுக்கப்புறம் நீண்ட காத்திருப்பு. 2002 உலகக் கோப்பையில 8 கோல், ஃபைனல்ல ரெண்டு. காத்திருந்த அதே முட்டிதான் அடிச்சுச்சு.

நம்ம ரிஷப் பன்ட் 2022 டிசம்பர் 30 அன்னிக்கு கார் விபத்துல சிக்கி, 2023 ஜனவரியில முட்டி லிகமென்ட் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். காசு, பிசியோ, ஜிம், நீச்சல் குளம்னு எல்லா வசதியும் இருந்தும் அவர் ஐ.பி.எல்லுக்குத் திரும்பினது 2024 மார்ச்லதான். அதே வருஷம் ஜூன்ல டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்தார். அவருக்கே அவ்வளவு நாள்னா, ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டுல இருக்கற நமக்கு?

9 மாசம் ஆயிடுச்சுன்னாலும் காலண்டர் மட்டும் பாஸ் போடாது. தொடை பலம் இன்னொரு காலோட ஒப்பிட்டா 90 சதவிகிதமாவது வந்திருக்கணும். ஒத்தைக் கால்ல குதிக்கற டெஸ்ட், திரும்பற டெஸ்ட்னு பிசியோ சில பரீட்சை வைப்பாங்க. அதுல பாஸானாத்தான் ஹால் டிக்கெட்.

ஹாஸ்டல்வாசிகள் கவனத்துக்கு...

முதல் சில வாரத்துக்குக் கீழ்த்தளத்துல ரூம் கேளுங்க. வெஸ்டர்ன் டாய்லெட் எங்கே இருக்குன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே பார்த்து வைங்க. இல்லேன்னா வீட்டுல இருந்து அந்த வாரங்களை முடிச்சுட்டு வாங்க. சர்ஜன்கிட்ட லெட்டர் வாங்கி அட்டெண்டன்ஸுக்குக் கொடுத்துடுங்க.

கிளாஸ்லயும் எக்ஸாம் ஹால்லயும் ஓரத்து சீட் கேளுங்க. மணிக்கணக்குல 90 டிகிரியிலேயே உட்காராம, நடுநடுவே காலை முன்னாடி நீட்டிக்கலாம்.

பைக் வேண்டாம். கிக்கர் உதைக்கறதும், சிக்னல்ல வண்டி எடையை ஒத்தைக் கால்ல தாங்கறதும் சின்ன விஷயம் இல்லை. ஓடற பஸ்ல ஏறி இறங்கற சாகசம்... சொல்லவே வேணாம்!

வலி மாத்திரை சாப்பிடச் சொன்ன நாள்வரைக்கும் சாப்பிடுங்க. ஆனா மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கிட்டு ஆடப் போகாதீங்க. சிக்னலை உடைச்சுட்டு வண்டி ஓட்டற கதைதான் அது.

கிரவுண்டுக்குப் போறதை மட்டும் நிறுத்தாதீங்க. ஸ்கோர் எழுதுங்க, ஜூனியர்களுக்கு ரெய்டு நுணுக்கம் சொல்லுங்க. தனியா ரூம்ல கிடந்தா கால் ஆறும், மனசு ஆறாது. மனசு சோர்ந்து போனா முதல்ல நிக்கறது பயிற்சிதான்.

இதுக்கு மட்டும் காத்திருக்காதீங்க

கெண்டைக்கால்ல புதுசா வலி, வீக்கம். திடீர்னு மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி. காய்ச்சல், குளிர். தையல் போட்ட இடத்துல சிவப்பு, சீழ், கசிவு. இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் பொறுக்க வேணாம், உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் கட்டிக்கறதும் இன்ஃபெக்‌ஷனும் அபூர்வம்தான், ஆனா நேரம் கொடுத்தா ஆபத்து.

மத்தபடி கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். முதல் ரெண்டு வாரம் காலை நீட்டறதுல வெறியா இருங்க. அடுத்த பத்து வாரம் மடக்கறதுல வியாபாரி மாதிரி பேரம் பேசுங்க. அதுக்கப்புறம் வர்ற மாசங்கள்ல, 'பத்து நிமிஷம் இறங்கு மச்சி'ன்னு கூப்பிடற கேப்டன்கிட்ட இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடுங்க. இந்த வருஷ ஜோனல் போனா அடுத்த வருஷம் இன்னொண்ணு வரும். முட்டி ரெண்டே ரெண்டுதான் பாஸ்!